ஆஹார விவேகமும் ஓர் இல்லத்தின் சோதனையும்

உண்ணாமல் வாழ்வார் உலகில் இல்லை. உயிர் வாழ்வதற்கு உணவு வேண்டும். அவ்வுணவோ பிறிதோர் உயிரிடமிருந்தே வருகின்றது. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே நின்று, எதை உண்பது, எதை விலக்குவது, அதனை யார் முடிவு செய்வது என்று வினவும்போதே அறநெறி தொடங்குகின்றது.

அண்மைக் காலத்தில் பல இல்லங்களில் இவ்வினா புதிதாய் எழுந்துள்ளது. தலைமுறை தலைமுறையாகப் புலால் உண்டு வந்த குடும்பங்கள் சில தாவர உணவுக்கு மாறுகின்றன. தாவர உணவிலேயே வளர்ந்த குடும்பங்களில், இளைஞர் சிலர் பாலையும் தயிரையும் கூட விலக்க எண்ணுகின்றனர். நெகிழிப் பை போய் மஞ்சள் துணிப்பை வருகின்றது. சமையற்கட்டின் கழிவு தோட்டத்துக்கு எருவாகின்றது. மூத்தோர் இதனைப் புதிய நாகரிகம் என்று ஒதுக்குகின்றனர். இளையோர் மூத்தோரை இரக்கமற்றவர் என்று எண்ணுகின்றனர். இரு சாராரும் நல்லவரே. ஆயினும் ஒரே அடுக்களையில் இரண்டு உலைகள் ஏறுகின்றன. உணவைத் தூய்மை செய்யப் புகுந்த இல்லத்தில் மனம் மாசுபடுமாயின், பெற்றது என்ன?

ஸ்ரீபாஷ்யம் காட்டும் வழி

பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், பக்திக்கு அங்கமான ஏழு சாதனங்களை வாக்யகாரரின் திருவாக்கைக் கொண்டு விளக்கியருளியுள்ளார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவற்றுள் முதலாவதாகிய விவேகம் என்பது உணவைப் பற்றியதே. ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைக் குற்றங்களும் நீங்கிய உணவால் உடல் தூய்மை பெறுதலே விவேகம் எனப்படும். இயல்பிலேயே விலக்கத்தக்க பொருள் ஜாதியால் குற்றமுடையது. கொடியோரிடமிருந்து வந்தது ஆச்ரயத்தால் குற்றமுடையது. எச்சில், மயிர் முதலியன பட்டது நிமித்தத்தால் குற்றமுடையது.

பெரும்பாலோர் இம்முதற்படியோடு நின்றுவிடுகின்றனர். உணவு தூயதாயிற்று, ஆகவே யாவும் நிறைவுற்றது என்று கருதுகின்றனர். ஆயின் ஏழில் ஒன்றே விவேகம். ஐந்தாவதாகிய கல்யாணத்தில் வாய்மை, நேர்மை, தயை, தானம், அஹிம்சை ஆகியவை அடங்கும். தயையும் அஹிம்சையும் இல்லாத உணவு நியமம் ஓர் அங்கம் மட்டுமே. அது முழு உடல் ஆகாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. செடி கொடிகளுக்கும் உயிர் உண்டே, தாவரத்தை உண்பது மட்டும் ஹிம்சை ஆகாதா என்பர். செடிகொடிகளிலும் ஜீவாத்மா உண்டு என்பது விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்துக்கும் உடன்பாடே. ஆதலின் இத்தடையை நகைத்துத் தள்ளுதல் கூடாது. விடை எளியது. ஒரு விலங்கு தன் வாழ்நாளில் உண்ணும் தாவரம், அவ்விலங்கிடமிருந்து மனிதன் பெறும் உணவைப் போலப் பன்மடங்கு. எனவே தாவரத்தை நேரே உண்பவன் விலங்குக்கு மட்டுமன்றித் தாவரத்துக்கும் குறைந்த துன்பமே செய்கின்றான். முற்றிலும் ஹிம்சையற்ற வாழ்வு உடலெடுத்தார்க்கு இயலாது, குறைத்துக்கொள்ளுதல் இயலும். க்ரியை என்னும் நான்காம் சாதனத்தை விளக்குமிடத்து, ஐம்பெரு வேள்விகளைத் தத்தம் சக்திக்கு ஏற்பச் செய்தல் என்றே கூறப்பட்டது. அவ்வைந்தனுள் ஒன்று பூத யக்ஞம்; அஃதாவது பிற உயிர்களுக்கு அவற்றின் பங்கை அளித்தல். சக்திக்கு ஏற்ப என்னும் அச்சொல்லின் அருமை பின்னர்த் தெளிவாகும்.

ஒரு வைஷ்ணவ இல்லம்

நூலில் உள்ள நெறி வாழ்வில் எவ்வாறு சோதிக்கப்படும் என்பதற்குக் காந்தியடிகளின் குடும்பம் தக்க சான்று. போர்பந்தரில் வைஷ்ணவக் குடும்பத்தில் 1869-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். புலால் அக்குடும்பத்தில் நினைக்கவும் கூடாத ஒன்று. ஆயினும் பிள்ளைப் பருவத்தில் நண்பன் ஒருவனின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டார். பெற்றோரிடம் பொய் கூற நேர்ந்தமை பொறாமலே அதனை விட்டார். 1888-இல் இங்கிலாந்து செல்லுமுன் புலால் தொடுவதில்லை என்று அன்னையிடம் உறுதி அளித்தார். லண்டனில் ஹென்றி ஸால்ட் என்பாரின் நூலைப் பயின்ற பின்னரே, வாக்குக்காக ஏற்றிருந்த நியமம் அவருடைய சொந்த நம்பிக்கையாக மாறியது. பிறப்பால் வந்த நியமம் எளிதில் நழுவியது. தானே தெளிந்து ஏற்றது கடைசிவரை நின்றது.

ஆனால் ஒருவர் தாம் தெளிந்ததைத் தம் குடும்பத்தார் மீதும் சுமத்தலாமா? 1902-இல் பம்பாயில் இவ்வினா உயிரச்சத்தோடு வந்து நின்றது. இரண்டாம் மகன் மணிலாலுக்குச் சுமார் பத்து வயது. கடும் விஷக்காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் கண்டன, இரவில் பிதற்றினான். முட்டையும் கோழிச்சாறும் கொடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். பிள்ளை வளர்ந்தவனாயின் அவன் விருப்பத்தை அறிந்து நடக்கலாம்; சிறுவனுக்காகத் தந்தையே முடிவு செய்ய வேண்டியுள்ளது என்று கூறி அடிகள் மறுத்தார். நாடியையும் இதயத்தையும் சோதித்துச் சொல்லுமாறு அம்மருத்துவரையே வேண்டிக்கொண்டு, நீர்ச் சிகிச்சை செய்தார். காய்ச்சல் 104 பாகை வரை ஏறியது. ஈரத்துணி சுற்றிப் படுக்கவைத்துவிட்டு, மனம் கலங்கி, இராமநாமத்தைச் சொல்லிக்கொண்டே தெருவில் நடந்தார். திரும்பி வந்தபோது மகனுக்கு வியர்த்திருந்தது. பிள்ளை பிழைத்தான். ஆயினும் பிழைத்தது இறையருளாலா, சிகிச்சையாலா, பேணிய பேணுதலாலா என்று யார் கூறவல்லார் என்றே அடிகள் பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார். வெற்றி கிட்டியமையால் ஒரு செயல் அறமாகிவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிள்ளை பிழையாதிருந்தால் அம்முடிவை யாது பெயரிட்டு அழைப்பது என்னும் வினாவும் அங்கேயே நிற்கின்றது.

சில ஆண்டுகளுக்குப் பின், 1909-ஆம் ஆண்டை ஒட்டி, தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா அம்மையாருக்கு டர்பன் நகரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உடல் மிக மெலிந்திருந்தது. மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க இசைவு தருமாறு மருத்துவர் ஜோஹானஸ்பர்க்கில் இருந்த அடிகளைத் தொலைபேசியில் கேட்டார். நோயாளியைக் கேட்டு அவர் இசைந்தால் கொடுக்கலாம் என்பதே அடிகளின் மறுமொழி. டர்பனுக்கு விரைந்து வந்து, தம் கொள்கையைப் பின்பற்றவேண்டிய கடமை மனைவிக்கு இல்லை என்றும், மருந்தாக ஏற்றுக்கொண்ட ஹிந்துக்களும் உண்டு என்றும் எடுத்துரைத்தார். அம்மையார் அசையவில்லை. சாவதாயினும் சாறு வேண்டாம் என்றார். அவரை ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குத் தூளியில் சுமந்து சென்றனர். அங்கே ஸ்வாமி ஒருவர் வந்து மநு ஸ்ம்ருதியைக் காட்டிப் புலாலுக்கு நியாயம் கூறியபோது, வாதத்தைக் கணவரோடும் பிள்ளைகளோடும் வைத்துக்கொள்ளுமாறு கூறித் தம்மை விட்டுவிடச் சொன்னார். கல்வி நிரம்பாத அப்பெண்மணியின் உறுதி, கணவரின் கட்டளையால் பிறந்ததன்று, அவருக்கே உரியது.

1910-இல் காலன்பாக் என்னும் அன்பர் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து சுமார் 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் அங்கிருந்தன. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வடநாட்டார் என்று பலரும், ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர், பார்சிகள் என்று பலரும் ஒரு குடும்பமாய் வாழ்ந்தனர். கழுவிய நீர் வாளிகளில் சேர்க்கப்பட்டு மரங்களுக்குப் பாய்ந்தது. காய்கறிக் கழிவும் உணவின் மிச்சமும் எருவாயின. மலக்கழிவு குழியிலிட்டு மண்ணால் மூடப்பட்டது. இன்று பசுமை வாழ்வு என்று பேசப்படுவது அன்று அங்கே அன்றாட வேலையாக இருந்தது.

அப்பண்ணையில் எழுந்த உணவு வினா கருதத்தக்கது. கணவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு வந்த முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் சிலர் புலால் உண்டு பழகியவர். அடிகளை அண்டி வாழ்ந்த அவர்களுக்குப் புலால் இல்லை என்று விதிப்பது எளிது. ஆனால் அண்டி நிற்பவரின் இயலாமையைப் பயன்படுத்தி அறத்தைச் சுமத்துதல் அறமாகுமா? அவர்கள் வேண்டினால் அளித்தே தீரவேண்டும் என்று முதலில் தம் மனத்தில் முடிவு செய்துகொண்டு, அதன்பின் அன்போடு கேட்டார். அவர்கள் மகிழ்ந்து இசைந்தனர். மறுக்கும் உரிமை இருந்தமையால்தான் அந்த இசைவு இசைவாயிற்று.

இந்நிகழ்ச்சிகளை வரிசையாக நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இல்லத்தின் வட்டம் விரிய விரிய, கட்டளையின் வட்டம் சுருங்கிற்று. மகனுக்காகத் தாமே முடிவு செய்தவர், மனைவியை வினவினார். பிறரிடம் இசைவு வேண்டினார். 1912-இல் அப்பண்ணையில் பால் உண்பதில்லை என்ற விரதம் பூண்டபோது, தம் விருப்பால் உடன் சேர்ந்த காலன்பாக்கைத் தவிர எவரையும் அதில் சேர்க்கவில்லை. பசுக்களையும் எருமைகளையும் கறப்போர் செய்யும் கொடுமைகளைப் படித்தறிந்ததே அவ்விரதத்தை விரைவுபடுத்தியது. அன்புக்கும் வற்புறுத்தும் வலிமை உண்டு என்பதையும் அவ்வில்லம் கண்டது. நோயுற்ற மனைவியிடம் உப்பையும் பருப்பையும் விடுமாறு வேண்டியபோது, உங்களாலும் அது இயலாதே என்றார் அவர். உடனே தாம் ஓராண்டு விடுவதாக அடிகள் உறுதி பூண்டார். அம்மையார் கண்ணீர் வடித்தார். தியாகமும் சில வேளைகளில் பிறர் கழுத்தில் சுமையாகும்.

சோர்வும் செருக்கும்

1918-இல் அடிகள் கடும் வயிற்றுக்கடுப்பால் எலும்பும் தோலுமானார். பால் இன்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். விரதம் பூண்டபோது எண்ணியது பசுவின் பாலையும் எருமையின் பாலையும் அன்றோ, வெள்ளாட்டுப் பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபா இடையில் கூறினார். அடிகள் இசைந்தார். விரதத்தின் சொல் காக்கப்பட்டது, பொருள் காக்கப்படவில்லை என்னும் உறுத்தல் அவரை நெடுங்காலம் விடவில்லை. பாலுக்கு ஈடான தாவரப் பொருளைத் தேடிக்கொண்டே இருந்தார்.

அவர் மறைந்த 1948-ஆம் ஆண்டிலேதான் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டது. இச்சத்து தாவர உணவில் போதிய அளவு கிடைப்பதில்லை. குறைந்தால் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் நேரும். இன்று இது நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டு மாத்திரையாகக் கிடைக்கின்றது. ஆதலின் பாலையும் விலக்க விரும்புவோர், சிறப்பாகக் கருவுற்ற பெண்டிரும் குழந்தைகளும், மருத்துவரின் அறிவுரை பெற்றே செய்தல் வேண்டும். 1902-இல் ஒரு தந்தை எதிர்கொண்ட அச்சத்தை இன்று ஒரு குழந்தைக்கு உண்டாக்க நியாயமில்லை.

ஏழு சாதனங்களுள் இறுதி இரண்டின் பெருமை இங்கே விளங்கும். அநவஸாதம் என்பது சோர்வின்மை. இடமும் காலமும் இசையாதபோதும், இழந்ததை நினைந்து மனம் உடையாதிருத்தல். வெள்ளாட்டுப் பால் அருந்த நேர்ந்தவர் அதனால் எல்லாவற்றையும் கைவிட்டாரல்லர். அநுத்தர்ஷம் என்பது மிகைக் களிப்பின்மை. யாவும் இசைந்தபோது, தாம் வென்றுவிட்டதாகத் துள்ளாதிருத்தல். உணவு நியமம் உடையோர்க்கு வரும் நோய்கள் இவ்விரண்டே.

இன்று உலகம் தரும் கணக்குகளும் செருக்குக்கு இடம் தருவன அல்ல. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு உலகச் சராசரியாக 15,000 லிட்டருக்கு மேல் நீர் செலவாகின்றது. காய்கறிக்குச் சுமார் 300 லிட்டர். மனிதச் செயல்களால் எழும் வெப்ப வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் எழுவதாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் மதிப்பிட்டது. ஆனால் நீர் தேங்கிய நெல் வயலிலிருந்தும் மீதேன் வாயு எழுகின்றது. தயிரமுது உண்பவர் எண்ணவேண்டியதும் உண்டு. டிராக்டர் வந்தபின் உழவுக்கு வேண்டப்படாத காளைக் கன்றும், பால் வற்றிய பசுவும் எங்குச் செல்கின்றன? ஆச்ரய தோஷம் என்பதற்கு முன்னோர் கொண்ட பொருள் வேறாயினும், இப்பொருள் எவர் கையிலிருந்து, எவ்வுயிரின் துன்பத்தினூடே வந்தது என்று வினவுதல் அவ்விவேகத்துக்கு இசைந்ததே. வெண்ணெயுண்ட கண்ணன் கன்றுகளைப் பேணிய ஆயனும் அன்றோ!

சேதனமும் அசேதனமும் ஆகிய அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸித்தாந்தம். அங்ஙனமாயின் ஆற்றில் எறியும் நெகிழி அவன் திருமேனியில் எறிந்ததாகும். சிந்தும் நீர் அவன் சொத்தில் சிந்தியதாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை உண்டு. உத்ஸவத்தில் இலைத் தொன்னையில் பிரஸாதம் பெறுவோர் அந்தத் தடைக்கு அஞ்சி அன்றி, அச்சரீரி நினைவோடு பெறுவராயின் அதுவே கைங்கர்யம்.

ஆகவே மாற விரும்பும் இல்லத்தார் முதலில் தம் தட்டில் மாற்றம் செய்க. அடுக்களையில் நின்று உழைப்பவரைக் கேளாமல் அடுக்களைக்குச் சட்டம் இயற்றாதிருக்க. நோயுற்றோர்க்கும் சிறுவர்க்கும் சக்திக்கு ஏற்ப என்னும் சொல்லை நினைவிற்கொள்க. மாறாதவரைத் தாழ்வாக எண்ணாதிருக்க. உயிர்களிடம் காட்டும் இரக்கம் உடன் உண்பாரிடமும் செல்லுமாயின், இரண்டு உலைகள் ஏறினும் அவ்வில்லம் ஒன்றாகவே இருக்கும். அத்தகைய இல்லங்களில் அமுது செய்ய எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.