இரும்பு அம்மாவா?

காடாத்தன்று சாம்பலைக் கிளறியபோது அம்மாவின் செயற்கை இடுப்புத் தண்டு தட்டுப்பட்டது. சாணளவு டைட்டேனியம், நிறம் மாறியிருந்தது. அதன்மேல் பூசுவது ஹைட்ராக்சிஅபடைட் என்ற பீங்கான் இனப் பொருள். கல்சியமும் பொஸ்பேற்றும்தான், எலும்பின் கனிமமும் ஏறக்குறைய அதுவே. 1980களில் வழக்குக்கு வந்த முறை. வெறும் டைட்டேனியத்திலும் எலும்பு ஒட்டும்; பூச்சிருந்தால் சீக்கிரம் பற்றும்.

உடம்பு ஏமாறுகிறதா, இனங்காண்கிறதா? சைவ சித்தாந்தத்தில் உடம்பே மாயையிலிருந்து வந்தது. அப்படியென்றால் எலும்பும் இரவல்தானே?

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "இரும்பு அம்மா இல்ல, அக்கா."

தண்டில் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். எலும்பா, பூச்சா, தெரியவில்லை. அதையும் சாம்பலோடு சேர்த்து வெருகல் ஆறு கடலில் விழும் இடத்தில் கரைத்தோம். தண்டு ஈச்சிலம்பற்று வீட்டு அலுமாரியில் இருக்கிறது.