இறக்குகூலி

பனியன் தொழிலில் ஊறியவரிடம் ஒரு டி-சர்ட்டைக் கொடுத்தால் போதும், தையலைப் பிரிக்காமலே விலையைப் பிரித்துச் சொல்லிவிடுவார். நூல் இத்தனை கிராம், நிட்டிங் இவ்வளவு, டையிங், காம்பேக்டிங், கட்டிங் வேஸ்ட், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பைசா சுத்தமாகக் கணக்கு நிற்கும். அதே ஆள் தன் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்துவிட்ட தென்னையை எடுக்க ஆள் கூப்பிட்டு, சொன்ன தொகையைக் கேட்டதும், "ஒரு மரத்துக்கா இவ்வளவுங்க?" என்கிறார். மரக்காரருக்கு காஸ்டிங் ஷீட் போட்டுப் பழக்கமில்லை. "வெட்டறதுக்கு இல்லீங்க, எறக்கறதுக்குங்க" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார். கணக்கு முழுக்க அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

உடுமலை, மடத்துக்குளம் பக்கத்துத் தோப்பில் காய்ப்பு ஓய்ந்த மரத்தை எடுப்பது பெரிய வித்தையில்லை. கயிறு கட்டி, அடியில் அறுத்து, காலியான பக்கமாக இழுத்தால் விழுந்துவிடும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவுத் திட்டம் ஒரு மரத்தை வெட்டி அகற்ற 1,000 ரூபாய் மானியம் தந்திருக்கிறது, ஹெக்டேருக்கு 32 மரம் வரை. அது தோப்புக் கணக்கு. அதே மரம் திருப்பூருக்குள் ஒரு சந்தில், ஒரு பக்கம் ஓட்டு வீடு, மறு பக்கம் பவர் டேபிள் தையல் யூனிட்டின் தகரக் கூரை, தலைக்கு மேல் கரண்ட் கம்பி என்று சிக்கிக்கொண்டு நின்றால் அதற்கு விழ இடமில்லை. உச்சியிலிருந்து துண்டு துண்டாகத்தான் கீழே வர வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட தண்டு ஏறக்குறைய ஒரு கன மீட்டர். பச்சை மரம், உள்ளே நீர் நிறைந்திருக்கும். எடை ஒரு டன்னை ஒட்டி வரும். மீட்டர் நீளத்துக்கு அறுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு வளர்ந்த ஆளின் எடை, சுமார் 70 கிலோ. பத்து மீட்டர் உயரத்திலிருந்து அதை அப்படியே விட்டால் ஒன்றரை நொடிக்குள் தரைக்கு வந்துவிடும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில். தகர ஷீட் என்ன செய்யும்?

அதனால்தான் கயிறும் கூடுதல் ஆட்களும். துண்டைக் கட்டி, கயிற்றை ஒரு பிடிமானத்தில் சுற்றி, கீழே இருவர் நின்று மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். வேம்பிலும் வாகையிலும் மேல்கிளை ஒன்று பிடிமானமாக நிற்கும். தென்னையில் கிளை ஏது? மேலே இருப்பவர் தன் இடுப்பையும் இறக்கும் கயிற்றையும் கட்டியிருப்பது தான் அறுத்துக்கொண்டிருக்கும் தண்டிலேயே. சிவப்புக் கூன்வண்டு புகுந்த மரமென்றால் வெளியே கெட்டியாகத் தெரிவது உள்ளே கூழாக இருக்கலாம். ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, அண்ணாந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் அவர் தன் உயிருக்கு மதிப்புப் போடுகிறார். வீட்டுக்காரருக்கு அது சும்மா நிற்பதாகத் தெரிகிறது. ஏற முடியாத மரத்துக்குக் கிரேன் வேண்டும். வந்து நின்றாலே குறைந்தபட்ச வாடகை உண்டு. சந்து குறுகலென்றால் கிரேனும் வராது.

ஆணியையும் சேர்க்க வேண்டும். இந்த ஊரில் ரோட்டோர மரங்களில்தான் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை" போர்டுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி. போர்டு போய்விடும், ஆணியை மரப்பட்டை விழுங்கிவிடும். அறுக்கும் மெஷினின் செயின் அதில் பட்டால் பல் போயிற்று. செயின் தெறித்தால் ஆளுக்கும் ஆபத்து.

பிறகு மின்சாரம். கம்பியை ஒட்டிய வேலைக்கு ஈ.பி. ஆபீசில் சொல்லி லைனை நிறுத்தியாக வேண்டும். லைன் நின்றால் அந்தச் சந்தில் மெஷின்களும் நிற்கும், பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களின் வரும்படியும் நிற்கும். ஆகவே நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது, அவசரமாக முடிக்கவும் வேண்டியிருக்கிறது. பொது இடத்து மரமானால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி. பனையென்றால், 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னபடி, கலெக்டரின் அனுமதி. இந்த அலைச்சலுக்கும் யாரோ ஒருவர் ஒரு நாள் வேலையை விட வேண்டும்.

"மரத்தை நீங்கதானே எடுத்துட்டுப் போறீங்க, நீங்கதான் எனக்குத் தரோணும்" என்பது அடுத்த வாதம். நியாயம் இல்லாமல் இல்லை. சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விறகு எரிகிற ஊர் இது. எடைமேடையில் ஏற்றினால் காசு. ஆனால் நல்ல விலை நீளமான, ஆணியில்லாத தடிக்குத்தான், அறுவை மில்லில். கூரையைக் காப்பாற்ற மீட்டர் மீட்டராக நறுக்கியபோதே மரம் விறகாகிவிட்டது. தென்னந்தண்டுக்கு அந்த மதிப்பும் குறைவு. தழையையும் மட்டையையும் அள்ளிப்போக வண்டி வாடகை தனி.

கூலி இன்னொரு விஷயம். கயிறு பிடிக்கும் ஆளுக்குத் திருப்பூரில் வேறு வேலை எப்போதும் காத்திருக்கிறது. நிழலில், மின்விசிறிக்கு அடியில், ஷிப்ட் கணக்கில், சனிக்கிழமை சம்பளம். அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால்தான் மரத்தடிக்கு வருவார். அதுவும் வருஷம் முழுக்க வேலையிருக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று வைகாசியிலிருந்து ஆவணி வரை பல்லடம், தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. அந்தக் காற்றில் உச்சியில் நின்று அறுக்க முடியாது. மரம் ஆடுவதைப் பார்த்துப் பயந்து ஜனங்கள் போன் செய்வதும் அதே மாதங்களில்தான்.

இத்தனையையும் கூட்டிய பிறகும் ஒன்று விட்டுப்போகிறது என்பதுதான் என் கட்சி. அமெரிக்காவில் 2022-இல் காட்டு மரம் வெட்டும் தொழிலாளர்களில் லட்சத்துக்கு 100 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் லட்சத்துக்கு 4 பேர்கூட இல்லை. இவ்வளவு ஆபத்துக்கு அங்கே காப்பீட்டுக் கட்டணமும் எகிறும். அது மரம் வெட்டும் பில்லில் ஏறிவிடும். நம்மூரில் தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேர சுரக்ஷா’ காப்பீடு வைத்திருக்கிறது, 7 லட்சம் ரூபாய் வரை. கட்டணத்தில் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. ஆனால் சந்துக்குள் மெஷினோடு ஏறும் ஆள் அப்படி எதிலும் சேராமலே ஏறுவது சகஜம். அவர் விழுந்தால் செலவு அவர் மனைவியின் கழுத்துச் சங்கிலி.

இப்படிப்பட்ட கணக்கைத் திருப்பூர் பார்க்காததல்ல. சாயக்கூலி மலிவாக இருந்த காலத்தில் மீதியை நொய்யல் ஆறும், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளும் கட்டினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவு சாயக்கூலிக்குள் வந்து உட்கார்ந்தது. மரக்காரரின் தொகைக்குள் அவருடைய உயிருக்கான பங்கு இன்னும் வரவில்லை. இரண்டு பேர் வந்து பார்த்து ஒருவர் பாதி விலை சொன்னால், எதைக் குறைத்தார் என்று கேட்க வேண்டும்: கயிறா, ஆளா, லைன் நிறுத்துவதா? பனியனில் தப்பு நேர்ந்தால் செகண்ட்ஸ் என்று காதர்பேட்டைச் சந்தைக்கு அனுப்பிவிடலாம். இங்கே செகண்ட்ஸ் கிடையாது.

செலவைக் குறைக்க வழி பேரத்தில் இல்லை, மரத்தின் வயதில் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் நடும் இயக்கம் நட்டிருக்கும் கன்றுகளே லட்சக்கணக்கில். கம்பெனி வளாகங்களிலும் வீட்டோரங்களிலும் தனித்தனியாக வைத்தவை வேறு. கூரைப் பக்கம் நீளும் கிளை மணிக்கட்டுப் பருமனில் இருக்கும்போது, மாசி பங்குனியில், காற்று கிளம்பும் முன் கழித்துவிட்டால் ஓர் ஆளும் ஒரு கைரம்பமும் போதும்.