தூண்டலும் நோக்கமும்

ஒருவர் என்ன செய்தார் என்பதைச் சிறுவர்க்குக் கற்பித்தல் எளிது. ஏன் செய்தார் என்பதைக் கற்பித்தல் அரிது. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பெண் விமானி பெசி கோல்மனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1892 இல் ரெக்சாஸ் மாநிலத்திற் பிறந்த அவர், சிக்காகோவில் முடிதிருத்தகமொன்றில் நகங்களைத் திருத்தும் தொழில் செய்துவந்தார். பிரான்சு நாட்டுப் பெண்கள் விமானம் ஓட்டுவதைச் சுட்டித் தமையன் அவரை எள்ளினார் என்பர். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் அவரை ஏற்கவில்லை. பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சு சென்று, 1921 இல் விமானி உரிமம் பெற்றார்.

கதை சொல்லும் ஆசிரியருக்கு அவ்வெள்ளலே வாய்ப்பான காரணம். மாணாக்கரும் அதனை விரைவிற் பற்றிக்கொள்வர். ஆயின், எள்ளல் ஒருவரைப் புறப்படச் செய்யலாம்; ஆண்டுக்கணக்காகத் தாங்கி நிற்றல் அதற்கு இயலாது. உரிமம் பெற்ற பின்னரும் கோல்மன் ஓயவில்லை. தம்மினத்தார்க்கு ஒரு பயிற்சிப் பள்ளி நிறுவ விழைந்தார். அவர்களை அனுமதியாத களங்களிற் பறக்க மறுத்தார். வித்தை காட்டிப் பிழைப்பவர்க்கு அம்மறுப்பு வருவாயிழப்பாகும். தமையனுக்கு மறுமொழி கூறுவதே நோக்கமாயின் அவ்விழப்புக்குப் பொருளில்லை. 1926 இல் விபத்தில் அவர் இறந்தபோது பள்ளி கனவாகவே இருந்தது.

பிறர் உள்ளத்தை நாம் காணவியலாது. அவர் எதனை இழக்க உடன்பட்டார் என்பதையே காணலாம். ஆதலின், ‘அவர் ஏன் பறந்தார்?’ என வினவி விடையையும் நாமே ஊட்டுதல் முறையன்று. ‘அவர் எங்கே பறக்க மறுத்தார்?’ என வினவுவோம். எஞ்சியதை மாணாக்கர் தாமே சிந்திப்பர்.