டையின் பின்பக்கம்

ஒரு பொருளுக்குத் தேதி குறிப்பதை அறிவு சம்பந்தப்பட்ட காரியமாகத்தான் பொதுவாக நினைக்கிறோம். அது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட காரியமும்கூட என்பது என் கட்சி. இதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் பொருள் அற்பமானது: சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தயாரான, பூவும் கோடும் போட்ட பழைய டைகள். நான் டை கட்டுகிறவன் இல்லை. வங்கி கவுண்டரில் எனக்கு அதற்குத் தேவை ஏற்பட்டதும் இல்லை. ஆனால் பழைய டைகளைச் சேகரிக்கிறவர்கள் ஒரு டையை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சில வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். நாம் கவிதையைப் படிக்கிற விதத்தைவிட அது பல சமயம் நேர்மையாக இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது அகலம். 1940களின் டை நாலு அங்குலம், அதற்கு மேலும் அகன்று, நீளத்தில் குட்டையாக இருக்கும். கால்சட்டையை வயிற்றுக்கு மேலே ஏற்றிப் போட்ட காலம் அது. 1950களில் ஒடுங்கத் தொடங்கி 1960களின் ஆரம்பத்தில் இரண்டு அங்குலத்துக்கு வந்து நின்றது. 1966 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபிஷ் என்பவர் அதை மறுபடி அகலமாக்கினார். 1970களில் அந்த அகலமே பொது வழக்காயிற்று. 1980களில் மீண்டும் ஒடுக்கம். ஆக, அகலம் ஓர் ஊசல். ஊசல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கலாம்; எத்தனையாவது தடவை அங்கே வந்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது மேலே உள்ள உரு. இது இன்னும் மோசமான சாட்சி. லிபர்டி நிறுவனத்தின் புகழ்பெற்ற மயிலிறகு வடிவம் ஆர்தர் சில்வர் 1887இல் வரைந்தது. வில்லியம் மாரிஸ் பழம் திருடும் பறவைகளை வரைந்தது 1883இல். இரண்டும் அதற்குப் பிந்திய நூற்றாண்டில் டைகளில் ஏறியிருக்கின்றன. நம் நெசவாளிகள் மாங்காய் என்று சொல்லும் உரு காஷ்மீர்ச் சால்வையோடு கப்பலேறி, ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற நெசவாளர் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தறியேறி, அந்த ஊரின் பெயரையே தன் பெயராகப் பெற்றுக்கொண்டது. அது எந்தப் பத்தாண்டின் டையிலும் இருக்கும். சாய்கோடுகளும் அப்படித்தான். ஆங்கிலேயப் படைப்பிரிவு டைகளில் கோடு அணிபவரின் இடது தோளிலிருந்து வலது பக்கமாக இறங்கும். அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் அதைத் திருப்பிப் போட்டார்கள். கோடு இறங்கும் திசை இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது.

பார்க்கப்பட வேண்டும் என்று செய்யப்பட்ட எதையும் திரும்பவும் செய்துவிட முடியும். முன்பக்கம் தன்னைப் பற்றி ஏதோ சொல்ல விரும்புகிறது. சொல்ல விரும்புகிறவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

ஆகவே தேர்ந்த சேகரிப்பாளர் டையைக் கையில் வாங்கியதும் திருப்புகிறார். துணி நூல்போக்குக்குச் சாய்வாக வெட்டப்பட்டு மூன்று துண்டுகளாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920களில் காப்புரிமை பெற்ற முறை அது. துணி பாலியெஸ்டரா என்று பார்க்கிறார். இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்ஸனும் 1941இல் கண்டுபிடித்த இழை அது. கடைகளுக்கு வந்தது 1950களில். லேபிளில் நாரின் பெயரும் சதவீதமும் உண்டா? அமெரிக்காவில் 1958இல் இயற்றி 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தொழிற்சங்க முத்திரை உண்டா? அமெரிக்க ஆடைத் தொழிலாளர்களின் பழைய ஒருங்கிணைந்த சங்கம் 1976இல் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து வேறு பெயர் எடுத்துக்கொண்டது. லேபிளில் மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவே. இங்கிலாந்து டையின் பெட்டியில் விலை ஷில்லிங்கில் அச்சாகியிருந்தால் அந்த அச்சு 1971 பிப்ரவரிக்கு முந்தியது.

இவற்றில் ஒன்றுகூட அழகு சம்பந்தப்பட்டதில்லை. சட்டம், சங்கம், ரசாயனம், நாணயம். டையைக் கட்டிக்கொண்டவன் இவற்றை ஒருநாளும் யாருக்கும் காட்டியிருக்க மாட்டான். 1870களில் ஜியோவன்னி மொரெல்லி என்ற இத்தாலியர் ஒரு ரஷ்யப் புனைபெயரில் மறைந்துகொண்டு, ஓவியனை அடையாளம் காண முகபாவத்தைப் பார்க்காதே, காது மடலையும் விரல் நகத்தையும் பார் என்று எழுதினார். கை கவனமில்லாமல் செய்யும் இடத்தில்தான் ஓவியன் அகப்படுவான் என்பது அவர் வாதம். டையின் பின்பக்கம் இதைவிட ஒரு படி கீழே இருக்கிறது. அங்கே தனிமனிதன்கூட அகப்படுவதில்லை. காலம் மட்டும் அகப்படுகிறது.

ஆனால் எந்த அளவுக்கு? பாலியெஸ்டர் டை 1941க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஆனால் பாலியெஸ்டர் இல்லாத பட்டு டை நேற்றுத் தைத்ததாகவும் இருக்கலாம். லேபிளில் சதவீதம் இல்லை என்பதால் அது 1960க்கு முந்தியது என்றாகாது. லேபிளைக் கத்தரித்து எடுக்க ஒரு நிமிஷம் போதும். பின்பக்கம் தருகிற அறிவு பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் இருக்கிறது: இதற்கு முன் இல்லை. அதற்கு மேல் சொல்ல ஆசை வரும். ஆசையோடு லாபமும் சேர்ந்துகொள்ளும். அகலமான 1970களின் டைக்கு 1940கள் என்று சீட்டு எழுதி ஒட்டினால் விலை ஏறும். ஒழுக்கப் பிரச்சினை தொடங்கும் இடம் இது.

அதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். வாங்கியவன் சந்தோஷப்படுகிறான், டை அதே டைதான். நெல்சன் குட்மன் 1968இல் வெளிவந்த கலையின் மொழிகள் பற்றிய நூலில் இந்தக் கேள்வியை ஓவியத்தை வைத்துக் கேட்டார். இரண்டு ஓவியங்களுக்கு நடுவே எனக்கு இன்று வித்தியாசம் தெரியாவிட்டாலும், ஒன்று போலி என்ற அறிவே நான் பார்க்கும் விதத்தை மாற்றிவிடுகிறது, நாளைக்கு வித்தியாசம் தெரியும்படி என் கண்ணைப் பழக்குகிறது என்பது அவர் பதில். கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் அது பார்க்கிறவனைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது. எனக்குச் செய்தவர்களும் வாங்கியவர்களும் முக்கியமாகப் படுகிறார்கள்.

1941 ஜூனில் இங்கிலாந்தில் துணிப் பங்கீடு வந்தது. முதலில் ஒருவருக்கு வருஷத்துக்கு 66 கூப்பன்கள். ஒரு டைக்கு ஒரு கூப்பன். இரண்டு கைக்குட்டைக்கும் ஒன்று. கழுத்தை மூடாத, குளிருக்கு உதவாத ஒரு நாடாவுக்காக எவனோ ஒருவன் அந்த 66இல் ஒன்றைக் கிழித்துக் கொடுத்திருக்கிறான். அது வீண் ஆடம்பரமா, குண்டு விழுகிற ஊரில் மனிதனாக இருந்துவிட வேண்டும் என்ற பிடிவாதமா, எனக்குத் தெரியாது. ஆனால் அவன் அதைத் தேர்ந்தெடுத்தான். பின்னால், கூப்பன் இல்லாத நாளில், ஆயிரக்கணக்கில் அடித்த டைக்கு அந்த வருஷத்தைக் கொடுப்பவன், அவன் தேர்வை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறான்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1974இல் தைத்த அவலட்சணமான பாலியெஸ்டர் டைக்கும் அதன் வருஷம் சேர வேண்டும். டையின் முதுகில் ஓடும் நீண்ட தையலைத் தளர்வாகப் போட்டு, நுனியில் கொஞ்சம் நூலை வளையமாக விட்டுவைப்பார்கள். இழுத்துக் கட்டினாலும் தையல் அறாமல் நெகிழ்ந்து கொடுப்பதற்காக. டாலி 1940களில் டைகளுக்கு வரைந்திருக்கிறார். அவர் பெயர் இருந்தால் தனி மதிப்பு. அந்த வளையத்தை விட்ட கைக்குப் பெயர் இல்லை. அந்தக் கை அங்கே இருந்தது என்பதற்கு மிஞ்சியிருப்பது தேதி ஒன்றுதான். அதையும் நம் ரசனைக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் நகர்த்த நமக்கு என்ன உரிமை? பழையது என்பதால் கும்பிடுவதும் சமீபத்தியது என்பதால் தள்ளுவதும் ஒரே அகங்காரத்தின் இரண்டு காரியங்கள்.

இதை எழுதும்போது நம் விமர்சனம் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வரியை உடைத்திருக்கிறானா, நிறுத்தக்குறி இல்லையா, அப்படியானால் நவீனம் என்கிறோம். அகலத்தை அளந்து தேதி சொல்கிற வேலை இது. ஒரு கவிதையில் கவிஞன் தேர்ந்தெடுக்காமல் வந்து விழுந்த விஷயங்கள் எவை, அவன் காலத்தில் எதற்குப் பங்கீடு இருந்தது, எந்தச் சொல்லுக்கு அவன் கூப்பன் கொடுத்தான் என்று திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு.

என் வேலையில் தேதி இல்லாத காசோலையைத் திருப்பி அனுப்புகிறோம். நாளைய தேதியிட்டதற்கு இன்று பணம் தருவதில்லை. 2012 ஏப்ரல் முதல், மூன்று மாதம் தாண்டியதற்கும் இல்லை. இந்தக் கண்டிப்பு பொருள்களிடமும் கவிதைகளிடமும் செல்லாது. அவை பெரும்பாலும் தேதி இல்லாமல்தான் நம்மிடம் வருகின்றன. வாடிக்கையாளர் காலியாக விட்ட இடத்தை எழுத்தன் தன் பேனாவால் நிரப்பக் கூடாது என்ற விதி மட்டும் அங்கேயும் செல்லும். இதற்கு முன் இல்லை என்று எழுதிவிட்டு, மீதி இடத்தைக் காலியாக விடத் தெரிந்தால் போதும்.