முருகன்கிட்ட இதயம் கேட்கலாமா?

 

போன கிருத்திகைக்கு திருப்பரங்குன்றம் போயிருந்தேன். வேலுக்கு அபிஷேகம் முடிஞ்சு தீபாராதனை. கண்ணை மூடி, "முருகா, என் நண்பனுக்கு ஒரு இதயம் கிடைக்கணும்" என்று ஆரம்பிச்சவன் பாதியிலேயே நிறுத்திட்டேன். அப்படி வேண்டலாமா கூடாதா என்று இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கேன்.

அவனும் நானும் இன்ஜினியரிங்ல நாலு வருஷம் ஒரே பெஞ்ச். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல். அப்புறம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு, கால் வீங்குச்சு. எக்கோ எடுத்தா பம்பிங் 20 சதவீதம். 55-க்கு மேல இருக்க வேண்டியது. ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்னு போறதில்லை. ரத்தத்தைத் தள்ள முடியாம திணறுது, நுரையீரல்லயும் கால்லயும் தண்ணி தேங்குது. அதனால ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் தண்ணி, காபி ரசம் எல்லாம் சேர்த்து. மதுரை வெயில்ல! ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கிடையாது. தினமும் காலையில வெயிட் பார்க்கணும். ரெண்டு மூணு நாள்ல 2 கிலோ ஏறிட்டா அது சதை இல்லை, தண்ணி. உடனே டாக்டருக்கு போன். அந்த நம்பரை எனக்கும் அனுப்புவான், நான் ஒரு ஷீட்ல ஏத்தி வைப்பேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.

இப்ப மாற்று இதயத்துக்குப் பதிவு பண்ணியிருக்கு. சிக்கல் அங்கதான். மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தர்கிட்ட இருந்துதான் இதயம் வரும். ரத்த வகை சேரணும், உடல்வாகு சேரணும். அப்படின்னா கிட்டத்தட்ட எங்களை மாதிரியே ஒருத்தன், பைக்ல வீட்டுக்குப் போயிட்டு இருந்தவனாக்கூட இருக்கலாம். ஒரு நாள் கோரிப்பாளையம் சிக்னல்ல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டப்ப, என் மனசுல ஒரு நொடி கணக்கு ஓடிச்சு. என்ன கணக்குன்னு எழுதக்கூட வெட்கமா இருக்கு.

2008 செப்டம்பர்ல நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியோட 15 வயசு மகன் ஹிதேந்திரன் பைக் விபத்துல மூளைச்சாவு அடைஞ்சான். பெத்தவங்க சம்மதிச்சாங்க. சென்னை போலீஸ் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, அந்த இதயம் 9 வயசு சிறுமி ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிறுமிக்காக வேண்டியவங்க யாரும் ஹிதேந்திரன் சாகணும்னு வேண்டியிருக்க மாட்டாங்க. விபத்து ஒண்ணு, அவளோட நோய் இன்னொண்ணு. ரெண்டையும் சேர்த்தது, பெத்தவங்க சொன்ன அந்தச் "சரி"தான். 1994 சட்டமே இதைப் பிரிச்சுத்தான் வச்சிருக்கு: மூளைச்சாவை உறுதி பண்றது நாலு டாக்டர்கள் கொண்ட குழு, குறைஞ்சது 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை. உறுப்பைப் பொருத்தற டாக்டர்களுக்கு அந்தக் குழுவுல இடமே இல்லை. அப்ப அந்தச் "சரி"க்காக வேண்டிக்கலாம், சாவைக் கேட்கக் கூடாது. என் புத்திக்கு இவ்வளவுதான் எட்டுது. இதுவும் வார்த்தை விளையாட்டோன்னு சில ராத்திரி தோணும்.

அவன்கிட்டயே கேட்டேன். "மாப்ள, ரோட்ல போறவன் எல்லாம் பத்திரமா வீடு போய்ச் சேரணும்னு வேண்டிட்டு வா. எனக்கு வர்றப்ப வரட்டும்" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. அவனுக்கு அது வாய்க்குது, எனக்கு வாய்க்கலை.

வீட்டுக்கு வந்து உறுப்பு தானத்துக்கு என் பேரைப் பதிஞ்சேன். கார்டு இருந்தாலும் அந்த நேரத்துல வீட்டுலதான் சம்மதம் கேட்பாங்க. அதனால அம்மாகிட்ட சொன்னேன். "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுடா பேசுற!" அதுக்கு மேல கேட்கவே மாட்டேன்னுட்டாங்க. யாரோ ஒரு அம்மா சரின்னு சொல்லணும்னு வேண்டிட்டு வந்திருக்கேன். என் அம்மாவால காது கொடுத்துக்கூட கேட்க முடியலை.

ரெண்டு நாள் அந்தப் பேச்சே எடுக்கலை. மூணாவது நாள் காலையில காபியை வச்சிட்டு அவங்களே கேட்டாங்க: "அந்தப் புள்ள இன்னைக்கு எத்தனை கிலோ?"