கயிறு உன் கையில்

பொமரேனியன் குட்டியைத் தெருவில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறாயே, நில்! நான்கு காலையும் தரையில் ஊன்றி, வாலை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு அது பின்னால் சாய்கிறது. நீ முன்னால் சாய்கிறாய். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து, “என்னலே, நாய் வளக்கியா, பஞ்சு மூட்டை இழுக்கியா?” என்று ஒரு குரல். உனக்கு மானம் போகிறது. இன்னும் வேகமாக இழுக்கிறாய். நானும் இழுத்தவன்தான். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் உட்கார்ந்து தன்னம்பிக்கை எழுதுகிறவன் வ.உ.சி.யின் கப்பலில் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். எனக்குக் கப்பல் வேண்டாம். ஒரு வள்ளம் போதும்.

1961-ஓடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. அதற்குமுன் நூற்றாண்டு நூற்றாண்டாக நடந்ததை நினைத்துப் பார். முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டான ‘பார்’ பத்துப் பாகம் ஆழத்தில். ஏறத்தாழ 18 மீட்டர். காலில் கல், இடுப்பில் கயிறு, நெஞ்சில் ஒரே ஒரு மூச்சு. அது ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் தாங்கும். கீழே சுறா. அதன் வாயைக் கட்ட மந்திரம் சொல்வதற்கென்றே ‘கடல்கட்டி’ என்று ஒருவரை வைத்திருந்தார்கள். கவனித்தாயா? ஆழ்கடலில் குதித்த அந்த மனிதர்களுக்கும் பயம் இருந்தது! பயத்தை ஒளிக்கவில்லை. அதற்கொரு ஆளையே நியமித்தார்கள். பிறகு குதித்தார்கள்.

வள்ளத்தில் கயிற்றைப் பிடித்து நின்றவன் யார்? மச்சினன்தான் பிடிப்பான் என்று இங்கே சொல்வார்கள். அக்காள் தங்கச்சி தாலி அவன் கையில். அவன் குளிப்பவனைப் பிடித்துத் தள்ளவில்லை, “பயந்தாங்கொள்ளி” என்று ஏசவில்லை. கண் தண்ணீரில், உயிர் உள்ளங்கையில். கீழிருந்து கயிறு ஒரு சுண்டு சுண்டினால் அந்தக் கணமே மேலே ஏற்றுவான். குளிப்பவனின் தைரியத்தில் பாதி, அந்தக் கை ஏமாற்றாது என்ற நம்பிக்கை.

இப்போது உன் கையைப் பார். அதிலும் ஒரு கயிறு இருக்கிறது!

இரண்டு கிலோகூடத் தேறாத உயிர் அது. அதன் கண்மட்டத்தில் ஆட்டோச் சக்கரம் ஒரு மாடி வீடு. உன் காதுக்கு எட்டாத கீச்சொலிகூட அதற்குக் கேட்கும். உப்பு லாரியின் ஹாரன் எப்படி விழும் என்று யோசி. நடுங்குவது கோழைத்தனமா? நீ பார்க்காத ஆழத்தை அது பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் நாய்க்குட்டிகளோடு கிடந்து 1965-இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்: மூன்றாவது வாரம் தொடங்கிப் பன்னிரண்டு வாரம்வரை பார்த்த உலகத்தைத்தான் குட்டி எளிதில் தன்னுடையதாக ஏற்கிறது. தடுப்பூசித் தவணைகள் முடியவோ 16 வாரம் ஆகும். ஊசி முடியட்டும் என்று கதவைச் சாத்தி வைத்தால் பருவம் போய்விடும். தெரு மண்ணில் இறக்கினாலோ பார்வோ என்ற தொற்றுநோய் பிடிக்கலாம். என்ன செய்வாய்? தூக்கு! மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார். மீன்காரம்மாள் போகட்டும், பள்ளிக்கூட வேன் போகட்டும், மழையில் குடை விரியட்டும். கால் படாமலே கண்ணும் காதும் ஊரைச் சுற்றி வரும். நான்கு மாதம் தாண்டிவிட்டதா? முடியாது என்று எவன் சொன்னான்? நாளாகும், அவ்வளவே.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற பாலகனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே அதைத் தடவினான். உனக்கும் அதே வழிதான். லாரி தெருமுனையில் தெரியும்போது அவித்த கோழியில் நகத்தளவு ஒரு துண்டு. லாரி மறைந்ததும் கோழியும் மறையட்டும். (மக்ரூனை நீட்டாதே, அத்தனை சர்க்கரை அதற்கு ஆகாது, அது உனக்கு.) முகர்ந்துவிட்டுத் தின்னாமல் முகத்தைத் திருப்புகிறதா? உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா? கீழே கயிறு சுண்டிவிட்டது! உடனே பத்தடி பின்னால் வா. அதைத் தோல்வி என்று எண்ணாதே. மச்சினன் மேலே ஏற்றியதைத் தோல்வி என்று எவனும் சொன்னதில்லை. இன்று வாசற்படி, அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் கேட். பனிமய மாதா திருவிழாக் கூட்டத்துக்குள் முதல் நாளே கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு என் வணக்கம், தூரத்திலிருந்து.

கழுத்துப் பட்டையைக் கழற்று. இந்தச் சிற்றினங்களுக்கு மூச்சுக்குழல் மெலிது, மார்பில் மாட்டும் ஹார்னஸ் போடு. நம் ஊர் வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார், உனக்கே பொறுக்காவிட்டால் அந்தப் பாதம் என்ன செய்யும்? தெருநாய் வந்தால் நடுவில் நீ நில், அலறாமல்.

திண்ணைக்காரர் சிரிக்கட்டும்! ஒரு சிரிப்புக்காக நீ கயிற்றை இழுத்தால், பயந்தவன் யார்? குட்டியா, நீயா?

நாளைக் காலை ஆறு மணி. வாசற்படியில் உட்கார். கயிறு தொய்ந்து கிடக்கட்டும். முனையில் உப்பு லாரி திரும்புகிறது. குட்டியின் ஒரு முன்னங்கால் படிக்கு வெளியே, மூன்று கால் உள்ளே. அது தலையைத் திருப்பி உன் முகத்தைப் பார்க்கிறது.

பேசாதே. கோழித் துண்டோடு உள்ளங்கையை விரி.