கழலாதது யார் குற்றம்?



வீட்டு வாசலில் கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிரதர், இது அசையவே மாட்டேங்குது, ரொம்பப் பிடிவாதம்!" என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே அநேகர். பெட்ரோல் குழாயின் க்விக் கனெக்டரைத்தான் சொல்லுகிறார்கள். நான் கேட்கிறேன்: பிடிவாதம் யாரிடத்தில் இருக்கிறது?

பழைய அம்பாசிடர், ஃபியட் கார்களில் ரப்பர் குழாயும் கிளிப்பும்தான். 2001-ல் சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 2 விதி வந்த காலத்தையொட்டி, புது பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. பல வண்டிகளில் அந்தக் குழாய்க்குள் சுமார் 3 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைவிட அதிகம். ஓடும்போது கழன்றுவிடக்கூடாது என்றுதான் கனெக்டருக்குள்ளே பூட்டுக் காதுகள் வைத்திருக்கிறார்கள். இழுக்க இழுக்க அவை இறுகும். நாம் பிடிவாதம் என்பது அதினிடத்தில் ஒப்புவிக்கப்பட்ட வேலை!

அப்படியானால் கழற்றுவது எப்படி? பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானாய் நிற்கும்வரை ஓடவிடுங்கள், அழுத்தம் இறங்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இன்ஜினை ஆறவிடுங்கள். மூட்டில் படிந்த மண்ணைத் துடையுங்கள். துணியைச் சுற்றிப் பிடித்து, முதலில் கனெக்டரை உள்ளே தள்ளுங்கள். ஆம், இழுக்காதேயுங்கள், தள்ளுங்கள்! காதுகள்மேல் இருந்த பாரம் நீங்கும். அப்பொழுது இரண்டு பக்கமும் அமுக்கி நேராக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

"என் கார், என் இஷ்டம்" என்பீர்களோ? மயிலாப்பூர் சந்திலும் தி.நகர் அடுக்குமாடியிலும் பக்கத்திலேயே நாலு டூவீலர், மேலே குடித்தனம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்தவன் வாசலுக்கும் போகும். காது உடைந்தால் கம்பி சுற்றி ஒப்பேத்துகிறவர்களும் உண்டு. பார்வைக்குச் சரியாகவே இருக்கும். நாளைக்கு அந்த வண்டியில் ஏறுகிற பிள்ளைக்கு அது தெரியுமா? விலைக்கு வாங்குகிறவனுக்குத் தெரியுமா? வாயால் சொல்லாவிட்டாலும் அது பொய்தான். கனெக்டரை மாற்றுங்கள். மாட்டும்போது 'கிளிக்' சத்தம் கேட்கவேண்டும். இழுத்துப் பார்த்தும் வரக்கூடாது. ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டி, கசிவு இல்லை என்று கண்டபிறகே வண்டியை எடுங்கள்.

மனுஷர் காரியமும் இப்படித்தான். வீட்டில் ஒருவர் இறுகிப்போயிருந்தால், "பிடிவாதக்காரன்" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நம்முடைய இழுப்பினால்தான் இறுகினாரோ என்று கேட்கிறோமா? அவர் விடாமல் பிடித்திருப்பது ஒருவேளை காக்கவேண்டிய ஒன்றாகவும் இருக்கலாமே! இந்த வாரம் அப்படி ஒருவரிடத்தில் ஒரு அடி கிட்டே போய்ப் பாருங்கள்.